தூசி இல்லாத இரண்டாம் பக்கம்

எல்.பி. ரெக்கார்டைத் துணியால் துடைக்கக் கூடாது. எவ்வளவு மெல்லிய துணியாக இருந்தாலும் அது தூசியை எடுக்காது, கோடுகளுக்குள் தள்ளிவிடும். அதற்கென்றே ஒரு மெல்லிய பிரஷ் இருக்கிறது. தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது அதை மேலே லேசாக வைத்து, கை நடுங்காமல் மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ரெமிஜியஸும் கேட்டதில்லை. கிழிந்த பனியனால் பரபரவென்று துடைத்துவிட்டு ஊசியை வைப்பார். நானே வாங்கிக் கொடுத்த பிரஷ் அவர் வீட்டு அலமாரியில் உறை பிரிக்காமல் ஆறு வருஷம் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் ஸ்ரீஹர்ஷா அவர்கள் இந்த வாக்குமூலத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிறோம், கன்னடத்தில் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் ரெமிஜியஸோடு இருபத்திரண்டு வருஷம் பேசியது தமிழில். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்கிறவருக்கு ஏதாவது வார்த்தை புரியாவிட்டால் என்னைக் கூப்பிடலாம். நான் எங்கேயும் போகப்போவதில்லை.

என் பெயர் சுந்தரராமன். வயது அறுபத்தெட்டு. கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய இந்திப் படப் பாட்டு ரெக்கார்டுகள் சேர்ப்பது என் பழக்கம். எல்லாவற்றையும் நிற்க வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் படுக்கப் போட்டதில்லை. எனக்கு இந்தி அரைகுறைதான். அதில் ஒரு சௌகரியம் உண்டு. பாட்டில் யார் எதற்கு அழுகிறார்கள் என்ற கவலை இல்லாமல் வயலினைக் கவனிக்கலாம். என் மனைவி வித்யாலட்சுமி இதைக் கேட்டால் சிரிப்பாள். "உங்களுக்கு மனுஷா அழுதாலும் அப்படித்தான்" என்பாள். அவளுக்கு எப்போதும் விளையாட்டுப் பேச்சு.

ரெமிஜியஸ் ஜோகுபாளையத்துக்காரர். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். எங்கள் இருவருக்கும் பழக்கமானது சிவாஜிநகரில் ஒரு பழைய சாமான் கடையில். ஒரே ரெக்கார்டின் மேல் இரண்டு பேரும் ஒரே சமயம் கை வைத்தோம். அவர்தான் முதலில் கையை எடுத்தார். "நீங்களே வெச்சிக்கோங்க சார். எனக்கு இந்தப் பாட்டு மனப்பாடம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதியம் மூன்று மணிக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்ட் கேட்டோம்.

அவர் வீடு மாடியில். பழைய காலத்து மரப் பலகைத் தரை. யாராவது நடந்தால் தரை அதிரும், அந்த அதிர்வு மேஜை வழியாக ஊசிக்குப் போகும். ஊசி எகிறினால் தட்டில் கீறல் விழும், அதற்குப் பிறகு அழுது பிரயோசனமில்லை. எனவே முதல் வருஷமே ஒரு விதி செய்தேன். ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. பக்கம் முடிந்து ஊசியைத் தூக்கிய பிறகு பேசலாம், காபி குடிக்கலாம், பாத்ரூம் போகலாம். இதை அச்சடித்து அவர் வீட்டுச் சுவரில் நானே ஒட்டினேன். ரெமிஜியஸ் அதைக் கோயில் விதியாக மதித்தார். ஒருமுறை கொசு கன்னத்தில் உட்கார்ந்து கடித்தபோதுகூட அசையவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். விதி எனக்கு மட்டும் இருந்ததில்லை.

இனி அந்த ரெக்கார்டைப் பற்றி. அறுபதுகளில் எடுத்து, வெளிவராமலே போன ஒரு படத்தின் பாட்டுகள். மாதிரிக்காகச் சில தட்டுகள் மட்டும் அச்சிட்டார்கள். அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள்.

போன டிசம்பரில் அதே சிவாஜிநகர் கடைக்கு ஒரு மூட்டை வந்தது. காலை பத்து மணிக்கு நான்தான் முதலில் புரட்டினேன். எல்லாம் கலர் கலராகப் படம் போட்ட சாதாரண உறைகள். ஒதுக்கிவிட்டு வந்தேன். பதினொரு மணிக்கு ரெமிஜியஸ் போயிருக்கிறார். அவர் எப்போதும் உறையை நம்ப மாட்டார், தட்டை வெளியே எடுத்துப் பார்ப்பார். ஏதோ ஒரு குப்பைப் படத்தின் உறைக்குள் இது இருந்திருக்கிறது.

"சார், நீங்க காலைல பாத்தீங்களாமே. கடக்காரர் சொன்னாரு. எப்படி சார் வுட்டீங்க?" என்று போனில் கேட்டார். கேலியில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். நாற்பது வருஷமாக இந்தி ரெக்கார்டுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவன் நான். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமை என்று அவர் மகள் விஜி சொல்லியிருக்கிறாள். பொறாமை இல்லை. ஒரு பொருள் தகுதியான கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம், அவ்வளவுதான்.

தட்டை எனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டேன். பதிலுக்கு என் அலமாரியிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். விஜி கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ணி நெட்ல போட்டுர்றேன்னு சொல்லிருக்கா. தட்ட புனேல ஒரு ஆர்க்கைவ்ஸுக்குக் குடுத்துர்லாம். சும்மனே நம்ம ரெண்டு பேரே கேட்டு இன்னா சார் பண்றது? எல்லாரும் கேக்கட்டுமே."

எல்லோரும். சமையல் செய்துகொண்டும், டிராபிக்கில் நின்றுகொண்டும், பாதியில் நிறுத்திவிட்டு வேறொன்றுக்குத் தாவிக்கொண்டும் கேட்பார்கள். இதைக் கொடுமை என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அவரிடம் பல தடவை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. விஜி சர்ச்சில் பாடுகிறவள், அன்று பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். முந்தின வாரமே ரெக்கார்ட் பிளேயரிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் மாட்டி, பதிவு செய்வது எப்படி என்று அப்பாவுக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். ரெமிஜியஸ் வழக்கம்போலப் பனியனால் துடைத்து, லேப்டாப்பில் பதிவைத் தொடங்கிவிட்டு முதல் பக்கத்தைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் லேப்டாப் திரை கறுத்துவிட்டது. பதிவும் நின்றுவிட்டதாக்கும் என்று எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது பாட்டில் ஷெனாய் நுழைகிற இடம். ரெமிஜியஸ் நெஞ்சில் கை வைத்தார். முதலில் ரசிக்கிறார் என்று நினைத்தேன், அந்த இடம் அப்படி. பிறகு "சார்" என்றார். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவர் தலையசைத்தார். விதி அவருக்கும் தெரியுமே. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்ததிலிருந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த டப்பாவை விஜி ரெக்கார்ட் அலமாரியில் வைத்திருந்தாள், அப்பா அதிக நேரம் இருக்கிற இடம் அதுதான் என்று. அலமாரி என் நாற்காலிக்குப் பக்கத்தில். அவர் அதைக் கையால் காட்டினார். நான் பிளேயரைக் காட்டினேன்.

அவர் மெதுவாக எழுந்தார், தரை அதிராமல். இத்தனை வருஷ நட்பில் அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான். இரண்டடி வைத்தார். மடங்கிச் சாய்ந்தார். ஊசி எகிறவில்லை. அவ்வளவு பதமாக விழுந்தார்.

பக்கம் முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து ஓடியிருந்தால் அந்தத் தரையில் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பொறியாளர் என்ற முறையில் என்னால் எழுதிக் கொடுக்க முடியும். உலகத்தில் அந்தத் தட்டு ஒன்றுதான். அவருக்கும் அது தெரியும்.

அதன் பிறகு இரண்டாம் பக்கத்தையும் கேட்டேன். தட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். விஜி ஐந்தரைக்கு வந்து பார்த்திருக்கிறாள். அடக்கத்துக்குப் போனேன். "இடுப்பு வலிம்மா, அன்னிக்கு மட்டும் வர முடியலை" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க இருந்திருந்தா டாடிக்கு இப்டி ஆயிருக்காது அங்கிள்" என்றாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. தட்டை அதற்கு முன்பே அப்பா புனேவுக்கு அனுப்பியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து அவள் லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். திரைதான் கறுத்திருந்தது, பதிவு நிற்கவே இல்லை. அறையில் பேசுவது அதில் வராது, ஊசிக்குப் போவது மட்டும் வரும். தரை அதிர்ந்தால் ஊசிக்குப் போகும் என்று சுவரில் எழுதி ஒட்டியவன் நான். பதினோராவது நிமிடத்தில் மெலிதாக ஒரு தொம் கேட்கிறது. அவர் விழுந்தது. அதற்குப் பிறகு முதல் பக்கம் முழுவதும் ஓடுகிறது. நாலு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாம் பக்கம்.

திருப்பிப் போட்டது வேறு யாரோ என்று யாருக்கும் தெரிந்திருக்கும். யார் என்பதை விஜி காதால் கண்டுபிடித்தாள். முதல் பக்கம் முழுக்கத் தூசி பொரிகிற சத்தம், பனியனால் துடைத்தது. இரண்டாம் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. எழுந்து போய் அலமாரியைப் பார்த்திருக்கிறாள். பிரஷின் உறை பிரிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் துடைக்காமல் போட்டிருப்பான், அல்லது போடாமலே ஓடியிருப்பான். பெண்ணுக்கு நல்ல காது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

நேற்று அவள் உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "விழுந்ததுமே டாடி போயிட்டாங்களா அங்கிள்?" ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நடுவில் இருக்கும் அந்த நாலு நிமிடத்தில் ஊசி தூக்கியிருந்தது, அதற்குச் சாட்சி எதுவும் இல்லை. ஆனால் நான் எதையும் அரைகுறையாக விடுகிறவனில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதல் பக்கம் முடிந்ததும் முறைப்படி ஊசியைத் தூக்கினேன். ரெமிஜியஸ் கண்ணைத் திறந்திருந்தார். இப்போது பேசலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதுவரை காத்திருந்திருக்கிறார். "சார், மாத்திர" என்றார். நன்றாகவே காதில் விழுந்தது. "இன்னும் ஒரு பக்கம்தான், ரெமிஜியஸ்" என்றேன். அவரும் கேட்க ஆசைப்பட்டிருப்பார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். தட்டைத் திருப்பினேன். தூசி தெரிந்தது. அலமாரியில் பிரஷுக்கு முன்னால் மாத்திரை டப்பா மறைத்துக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, பிரஷை எடுத்தேன்.