பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வரி

கம்ப்யூட்டரில் செய்யும் எழுத்தில் பெயிண்ட் வழிவதைக் காட்டுவதுதான் சிரமம், சார். கொஞ்சம் கூடினாலும் எழுத்து அழுது வடியும். பன்னிரண்டு வருடமாக பேனர் டிசைன் செய்கிறேன்; என் வேலையை யாரும் குறை சொன்னதில்லை. எழுதித் தரச் சொன்னீர்கள், எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது நான்தான். நான் சம்பாதிப்பேன், அவள் சமைப்பாள். வீடு அதுபாட்டுக்கு ஓடியது. இந்த நேரத்தில்தான் அந்தச் சுவர் ஓவியன் வந்து சேர்ந்தான். ஸ்ப்ரே பெயிண்டில் தடித்தடியாக எழுதுகிறவன். அவனோடு கல்யாணம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று தங்கை சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

நல்ல பையன்தான், மறுக்கவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, கையால் வரைந்த எழுத்துகள் நிறைந்த தாள்களை நீட்டினான்.

“மச்சான், கல்யாணப் பத்திரிகைய இந்த எழுத்துலயே போட்டுக் குடுங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?”

ஸ்கேன் செய்து, அங்கங்கே பெயிண்ட் வழிவதுபோல் நானே சேர்த்து, அழகாகவே செய்துகொடுத்தேன். வாங்க வந்தவன், மறுநாள் காலை பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளை அடிக்கப் போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னான்.

அன்று மாலையே அந்தச் சுவரைப் போட்டோ எடுத்தேன். பத்திரிகை எழுத்துகளை அதன்மேல் ஒரு லேயராக வைத்து, செங்கல்லின் சொரசொரப்பு தெரியும்படி கலந்தேன். அங்கே படிக்கும் சிறுமிகளைப் பற்றி ஒரே ஒரு வரி. அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

காலையில் படம் தெருவில் எல்லார் போனுக்கும் போய்விட்டது. பெற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். சுவரில் எழுத்து இல்லை. ஈரம் காயாத வெள்ளை, பக்கத்தில் பிரஷோடு அவன்.

“எழுதுறதையும் எழுதிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி அழிக்கிறான் பாருங்க” என்றார் ஒருவர்.

நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். “மச்சான், நீங்களாவது சொல்லுங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அந்தக் கூட்டத்தில் என் பேச்சு எடுபடுமா? மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லி யாரிடமும் சொல்லவுமில்லை.

ஒரு வாரம் கழித்து, தங்கை சாப்பாட்டு மேஜையில் பத்திரிகையையும் போனில் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“அண்ணா, இந்தப் பெயிண்ட் வழியுறது அவர் வரைஞ்சது இல்ல. பத்திரிகைக்காக நீ போட்டது. ரெண்டுலயும் ஒரே மாதிரி வழியுது.”

உண்மைதான். அவசரத்தில் அப்படியே எடுத்து ஒட்டிவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கவனக்குறைவு வந்ததே இல்லை; எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டையும் அவள்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்தாள் என்று தெரியும். தப்பாக நினைக்கவில்லை. அவள் கோபம், நாளாக நாளாக ஆறிவிடும். செய்தது நான்தான். அவனை அடிப்பார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்.

அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், சார். நான் வரும்வரை கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பத்திரமாக இருக்கட்டும். காலம் கெட்டுக் கிடக்கிறது. யாரையும் நம்ப முடியவில்லை.