வானொலிக்குப் போன் போட்ட செகுந்தா

பஸ்ச விட்டு எறங்கறதுக்குள்ள உன்ன வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கறேனா இல்லையான்னு பாரும்மா. ஆனா இப்ப இல்ல. மொதல்ல நீ ஒழுங்கா உக்காரு. எதுக்கு இப்படி ஒரு பக்கமா ஒருக்களிச்சு உக்காந்திருக்க? இந்தா, என் ஸ்வெட்டர மடிச்சுத் தரேன், அடியில போட்டுக்கோ. சரி சரி, இடுப்புப் பிடிப்புதான், நீ சொன்னா சரி. மூணு மாசமா அதே இடுப்புப் பிடிப்பு.

இரு, சிபா ரொட்டி விக்கற அம்மா ஏறுது. சூடா சிபா, அடுப்புலேர்ந்து இப்பத்தான் எடுத்தது, சிபா சிபா... பாத்தியா, நான் அவ மாதிரியே கூவினதும் அந்தம்மா திரும்பிப் பாக்குது, இன்னொருத்தி போட்டிக்கு ஏறிட்டாளோன்னு. இல்லம்மா, இது அந்தச் சிரிப்பு இல்ல. அது பெருசு. அதுக்கு நான் பாதை போட்டு வரணும்.

போன செவ்வாக்கிழமை ஞாபகம் இருக்கா? நீ கடையில உரல் முன்னாடி நின்னு புதினா இடிச்சுக்கிட்டிருந்த. மூலிகைத் தண்ணி தெரெரேவுக்கு ஜாடிய நீட்டிக்கிட்டு ஏழெட்டுப் பேர் வரிசையில. உன் கையால இடிச்சுப் போடலேன்னா லுக்கே ஊர்ல பாதிப் பேருக்கு அந்தத் தண்ணி தொண்டையில எறங்காது. ரேடியோவுல டாக்டர் நிமியா வந்தாங்க. நேயர்களே, வெக்கப்படாமக் கேளுங்க, இங்க யாரும் உங்க மொகத்தப் பாக்கறதில்ல. ஆமா, அதே குரல்தான், எப்பவும் ஜலதோஷம் புடிச்ச மாதிரி.

அப்ப ஒரு கெழவி போன் போட்டுச்சே, மரியாதையா ஞா போட்டு, ஞா செகுந்தான்னு. எப்படிப் பேசுச்சு, சொல்லு? நானே சொல்றேன். டாக்டரம்மா... எனக்கு அம்பத்தெட்டு வயசு... மாச வெலக்கு நின்னு நாளாச்சு... கீழ ஒரே வறட்சி. ஒண்ணுக்குப் போனா எரியுது, நடந்தா ஒரசுது, உக்கார முடியல. ஆமாம்மா, அப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசுச்சு. நல்லா வருதா எனக்கு?

அதுக்கு டாக்டரம்மா யோனி வறட்சின்னு சத்தமா, ஏதோ மழை வரும்னு சொல்ற மாதிரி சொல்லிட்டாங்க. சந்தை பூரா கேட்டுச்சு. கெழங்கு விக்கற ஞா பெத்ரோனா தராசக் கீழ வச்சுட்டா. நீ என்ன பண்ணின? ரேடியோ சத்தத்தக் கொறைச்ச. கொறைச்சுட்டுக் காத அது மேல வச்ச. பொய் சொல்லாத, நான் பாத்தேன்.

செகுந்தா அப்பறம் என்ன சொல்லுச்சு? மூணு வருசத்துக்கு முன்னாடி இடது மார்புல கட்டி எடுத்தாங்கன்னு. உன் ஒலக்கை நின்னுபோச்சு. வரிசையில இருந்தவன் கூட, என்ன ஞா தெயோலிந்தா, தூங்கிட்டீங்களான்னான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும். உனக்கு ஆபரேசன் நடந்தப்ப நீ என்கார்னசியோன்ல அக்கா வீட்டுக்குப் போயிருக்கன்னுதானே சந்தை முழுக்க நான் சொன்னேன். மூலிகைக்காரியே ஆஸ்பத்திரிக்குப் போனா அப்பறம் யாரு வருவான்னு நீதான சொல்லிக் குடுத்த. அன்னைக்கு நிகழ்ச்சி முடிஞ்சதும் என் காதுகிட்ட வந்து சொன்ன, பாரு, என்னப் போலவே ஒருத்தின்னு. அதுக்கப்பறம் நாள் பூரா உன் மொகம் கொஞ்சம் தெளிஞ்சிருந்துச்சு.

இல்ல, இன்னும் சிரிக்கற எடம் வரல. பொறு.

செகுந்தா வைத்தியத்தச் சொன்னதும்தான் டாக்டரம்மாவுக்குக் கோவம் வந்துச்சு. குருப்பாய் பட்டையக் கொதிக்க வச்சு, கதவப் பூட்டிக்கிட்டு, தெனம் அந்தத் தண்ணியில உக்காருதாம். அம்மா, அது தோல் பதனிடற பட்டை, அந்தப் பட்டையிலதான் மாட்டுத்தோல ஊற வைக்கறாங்க, ஏற்கெனவே காஞ்சு கெடக்கற எடத்துல அதப் போட்டா என்ன ஆகும்னாங்க. நீ ரேடியோவப் பாத்துத் திட்டின. பட்டையப் பத்தி உனக்கென்னடி தெரியும், அவ என்கிட்ட வரட்டும்ன. ஆனா கொஞ்ச நேரங்கழிச்சு கடையில இருந்த குருப்பாய் பட்டைச் சாக்க இழுத்து உள்ள தள்ளின.

மத்ததெல்லாம் காதுல விழுந்துச்சா? மார்புல கட்டி வந்தவங்க ஹார்மோன் மருந்த அவங்களாப் போடக்கூடாது, ஹார்மோன் இல்லாததே இருக்குன்னாங்க. மருந்துக் கடையில ஈரப்பதம் குடுக்கற ஜெல் கெடைக்கும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா உள்ள வைக்கணும், வலிக்கறப்ப மட்டும் இல்ல, விடாம. சில வாரம் ஆகும், பொறுக்கணும். புருசன் பொண்டாட்டி சேர்றப்பப் பூசறது வேற, தண்ணி மாதிரி வழவழன்னு, ரெண்டையும் கொழப்பிக்காதீங்கன்னாங்க. சோப்பு போடாத, வாசனை எதுவும் வேணாம், வினிகர் வேணாம், வெறும் தண்ணி போதும். கட்டிக்காகத் தெனம் போடற மாத்திரையாலயும் வறண்டு போகும், ஆனா அத நீயா நிறுத்தாதன்னாங்க. நான் எல்லாத்தையும் உள்ளங்கையில எழுதி வச்சேன். எதுக்கு எழுதினன்னா? சும்மாத்தான். கையெழுத்துப் பழக்கம்.

கடைசியில செகுந்தா மெதுவாக் கேட்டுச்சு, துணியில ரெண்டு தடவ ரத்தம் பட்டுச்சு, பழைய கட்டிதான் வேற எடத்துக்கு வந்திருச்சான்னு. டாக்டரம்மா ஜலதோசக் குரல விட்டுட்டு மெதுவாப் பேசினாங்க. வறட்சியில தோல் உரிஞ்சும் வரலாம், வேற எதனாலயும் வரலாம். பாக்காம யாராலயும் சொல்ல முடியாது, ரேடியோவுல நானும் சொல்ல முடியாது. ஒரு சொட்டுன்னாலும் பாத்தே ஆகணும். உங்க பொண்ணுக்குத் தெரியுமான்னாங்க. செகுந்தா, தெரியாது, அவ பயந்துருவான்னுச்சு. அதச் சொல்றப்பக் குரல் ஒடஞ்சுபோச்சு. நீ ரேடியோவத் தட்டிக் குடுத்த, ஏதோ அது தோள் மாதிரி.

சரி, இப்பச் சிரிக்கற எடம். அந்த போன்ல நடுவுல ஒரு கோழி கத்துச்சு, கேட்டியா? பின்னாடி யாரோ தண்ணி ஊத்தற சத்தம்? அது நம்ம சந்தைக் கக்கூஸ்மா. மொதல்ல கடையில மூட்டைக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சு பேசினேன், ரேடியோ பக்கத்துலயே இருந்ததால கீச்சுன்னு கத்திடுச்சு. ரேடியோவ அணைங்க பாட்டின்னாங்க. ஓடிப்போயி கடைக்கு எதிர்ல இருக்கற கக்கூஸ்ல தாழ் போட்டுக்கிட்டு, கதவு இடுக்கு வழியா உன்னப் பாத்துக்கிட்டேதான் பேசினேன். வெளிய பெத்ரோனாவோட கோழி, அதுக்கும் வெளிய பெத்ரோனா, கதவத் தட்டிக்கிட்டு, உள்ள யாரு, சீக்கிரம் வாங்கன்னு. நான் கெழவி குரல்லயே, பொறும்மா, வயசான ஒடம்புன்னேன். அவ நம்பிட்டாம்மா. நான் வெளிய வந்தப்ப எனக்குப் பின்னாடி கெழவியத் தேடி எட்டிப் பாத்தா.

ஆமா, நான்தான். செகுந்தான்னு யாருமே இல்ல. பாத்தியா, சிரிச்சிட்ட. சிரி, சிரி, எவ்ளோ நாளாச்சு. மெதுவா, வலிக்கப் போவுது.

என்ன? அந்தச் செகுந்தா கதைய எங்க புடிச்சன்னா? புடிச்சேன். மார்புல கட்டின்னது... சும்மா வாயில வந்துச்சு. பட்டைத் தண்ணியா? அதுவும்தான்.

ஜன்னல்ல என்ன பாக்கற? ஆமா, பஸ்சு சந்தைப் பக்கம் திரும்பல. நேராத்தான் போவுது. பட்டை மொத்த வியாபாரி இன்னைக்கு வரமாட்டான்மா. அவன் வர்றான்னு பொய் சொல்லி உன்னக் கெளப்பினதும் நான்தான்.

கதவப் பூட்டிக்கிட்டு உக்காந்தது உனக்கு எப்படித் தெரியும்னா கேக்கற. அந்த வாசம் என் தலைமுடி வரைக்கும் வருதும்மா. கொடியில எல்லாத் துணிக்கும் அடியில ஒரு துணிய மறைச்சு ஒணத்தினியே, மழை வந்தப்ப எடுத்தது நான்தான். ரெண்டு தடவைன்னு ரேடியோவுல சொன்னேன். மூணு தடவ பாத்தேன்.

என்ன அப்படிப் பாக்காத. அந்த அழுகை மட்டும் செகுந்தாவுது இல்ல. டாக்டரம்மா அந்தக் கேள்வி கேட்டதும் எனக்குக் கெழவி குரல் வரல, என்னோடதுதான் வந்துச்சு.

ஆஸ்பத்திரியில உன் பேர ஒம்போதரைக்கு எழுதி வச்சிருக்காங்க, டாக்டர் நிமியாவே பாக்கறாங்களாம். எழுந்திரு, அடுத்த நிறுத்தம். கையக் குடு. கோவில்ல அந்தக் கெழவிக்காக மூணு நாள் மெழுகுவத்தி ஏத்தினேனடி பாவின்னா? தெரியும்மா, பின்னாடி பெஞ்சுலதான உக்காந்திருந்தேன். ஒண்ணும் வீணாப் போகல. சரியான ஆளுக்குத்தான் ஏத்தியிருக்க.