திருத்தும் உரிமை

— அல்தாஃபை இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுறேன் ஹேத்வி. நீ கம்ப்யூட்டர் பாக்க வந்தவ. வக்கீல் வேலை பாக்காதே.

— வக்கீல் வேலை இல்ல தன்சுக் காகா. வெளியே ஸ்டூல்ல உக்காந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டிருக்கான். என்ன தப்புன்னாவது சொல்லுங்க.

— கல்யாண சீசன் புடவைக்கு நான் ஓகே பண்ணினது மருதாணிப் பச்சை. மில்லுலேருந்து வந்த சாம்பிள் பாட்டில் பச்சை. மில்காரன்கிட்ட கத்தினா, ‘சேட், உங்க ஃபைல்ல இருக்கறதைத்தான் அடிச்சேன்’ங்கறான். ஜெய்ப்பூர் பார்ட்டி தினமும் ஃபோன்ல உயிரை எடுக்கறான். விஷயம் வெளிய தெரிஞ்சா சூரத் பூரா என்னைப் பாத்து சிரிக்கும். டிசைன் போடறவன் இவன் ஒருத்தன். வேற யாரு மாத்தியிருப்பா, சொல்லு பாக்கலாம்?

— அதைப் பாக்கத்தானே வந்தேன்? ஃபைல் எல்லாம் கிளவுட்ல இருக்கு. யார் திறந்தாங்க, என்ன மாத்தினாங்கன்னு அதுல பதிவாகும். பாத்துட்டேன்.

— யாரு?

— நீங்க.

— நானா! ஏ பொண்ணே, ஃபோன்ல ஒரு போட்டோவைப் பெருசு பண்ணவே எனக்கு மருமக வேணும்.

— உங்க பேர், உங்க பாஸ்வேர்டு. பச்சைக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு கூட இருக்கு. படிக்கட்டுமா? ‘இந்த மில் தண்ணிக்கு மருதாணிப் பச்சை கசியும். பக்கத்துல ராணி பிங்க் பாழாகும்.’ இன்னொரு புடவையில, ‘மயில் வாலு கரையை இடிக்குது, நகர்த்து.’ நகர்த்தியும் இருக்கு.

— கசியும்தான். போன வருஷம் கசிஞ்சுது. எனக்கு ஞாபகம் வரல.

— அல்தாஃப் என்ன சொல்றான் தெரியுமா? ‘சேட் வீட்டுல உக்காந்து ஒவ்வொண்ணா திருத்தறாரு, கடைக்கு வந்தா ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்காரு. எப்பேர்ப்பட்ட மனுஷன்!’ அதனாலதான் வாயே திறக்கல.

— அடப்பாவி. நாலு மாசமா அவன் என்னை மரியாதையா பாத்தது இதுக்குத்தானா? சரி, என் பேர்ல பூந்தது யாரு?

— அடாஜண் பக்கத்துலேருந்து ஒரு ஃபோன்.

— என் வீடு அத்வாலைன்ஸ்ல இருக்கு.

— தெரியும். அந்த ஃபோனுக்கு ஒரு பேரும் வெச்சிருக்காங்க. ‘சம்பக்’னு. காகா? என்ன ஆச்சு? தண்ணி வேணுமா?

— என்ன திருடன் இது, நெஞ்சுல பேரை எழுதி ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்!

— யாரு அது?

— கண்ணாடிக் கதவு வழியா எதிர்க்கடையைப் பாரு. வெள்ளை மெத்தையில உக்காந்து, புடவையை மூக்குக்கிட்ட வெச்சுப் பாக்கறாரே. அவர்தான் சம்பக், எங்க மோட்டாபாய். கூடப் பொறந்த அண்ணன். அப்பா போனப்புறம் கடையைப் பிரிச்சோம். அதுலேருந்து பேச்சு கிடையாது. ஒரே லிஃப்ட்ல ஏறினாலும் ரெண்டு பேரும் மாடி நம்பரையே பாத்துக்கிட்டு வருவோம்.

— அவருக்கு எப்படி உங்க பாஸ்வேர்டு கிடைச்சுது?

— நான் யாருக்கும் சொன்னதில்ல. தெய்வத்து மேல ஆணை.

— தீபாவளிக்கு மாத்தினீங்களே. எப்படி மாத்தினீங்க?

— முறைப்படி. அப்பா காலத்துல தீபாவளிக்குப் புதுக் கணக்குப் புத்தகத்தை வெச்சுப் பூஜை பண்ணுவோம். இப்ப லேப்டாப்பை வெச்சோம். மகராஜ் மந்திரம் சொன்னாரு, குங்குமம் வெச்சேன், நல்ல நேரம் பாத்து புது பாஸ்வேர்டை அடிச்சேன்.

— அடிச்சதோட சரியா?

— ஒரு சீட்டுல எழுதி லட்சுமி காலடியிலயும் வெச்சேன். பெரியவங்க ஆசீர்வாதம் வேணும்ல? போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டேன்.

— பாஸ்வேர்டையா!

— ‘சுப லாபம்’னு எழுதியிருந்தா பாஸ்வேர்டுன்னு யாருக்குத் தெரியும்?

— சுபத்துக்கும் லாபத்துக்கும் நடுவுல ஒரு நட்சத்திரம் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கலையா?

— எல்லாரும் கும்பிடற கை போட்டாங்க. மோட்டாபாயும் போட்டாரு. குரூப்பை விட்டு அவரும் போகல, நானும் தூக்கல. தூக்கினவன்தான் குடும்பத்தைப் பிரிச்சவன்னு ஆயிடும்ல.

— நான் ரெண்டாவதா ஒரு பூட்டு வெச்சேனே? உங்க ஃபோனுக்கு நம்பர் வருமே?

— சாப்பிடற நேரத்துல டிங் டிங்னு வந்துச்சு. மருமககிட்ட சொல்லி எடுத்துட்டேன். ஐயோ, ரேட்டு! ஜெய்ப்பூருக்கு நான் போட்ட ரேட்டும் அதே கிளவுட்லதானே இருக்கு? அதே பார்ட்டிக்கு அவரும் விக்கறாரு. தொலைஞ்சேன்.

— ரேட் ஃபோல்டரை அவர் தொடவே இல்ல. ஒரு டிசைனைக் கூட இறக்கிக்கல. அவர் கடையில நம்ம புடவை மாதிரி ஏதாவது தொங்கிச்சா?

— இல்ல. தொங்கியிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா?

— திறந்தாரு, திருத்தினாரு, மூடினாரு. அவ்வளவுதான்.

— அந்த மனுஷன் அப்படித்தான். என் கல்யாணத்துல நான் குதிரை மேல ஏறி உக்காந்தப்புறம், தலைப்பாகை கோணலா இருக்குன்னு அவிழ்த்து மறுபடி கட்டினாரு. பேண்டு வாசிக்கறவன் உக்காந்து பீடி குடிச்சு முடிச்சான்.

— சரி காகா, பாஸ்வேர்டை மாத்தி ரெண்டு பூட்டும் போட்டுடறேன். இனி அவர் உள்ள வர முடியாது.

— போடு. இரு, இரு. அவருக்குத் தெரிஞ்சுடுமா?

— கதவு திறக்கலைன்னா தெரியாதா?

— நான் பாத்துட்டேன்னு தெரியும். பாத்துட்டுப் பூட்டினேன்னும் தெரியும்.

— அப்ப இன்னொண்ணு செய்யலாம். அவர் பேர்லயே தனியா ஒரு அனுமதி. டிசைனுக்கு மட்டும், ரேட் தெரியாது. அவங்கவங்க செய்யறது அவங்கவங்க பேர்ல பதிவாகும். பழி அல்தாஃப் தலையில விழாது.

— அல்தாஃப்! இன்னும் நகத்தைக் கடிக்கறானா?

— மிச்சம் இருந்தா கடிப்பான்.

— உள்ள வரச் சொல்லு. அவனுக்கு டீயும் ஒரு பிளேட் சூடா லோச்சோ பலகாரமும் சொல்லு. வெண்ணெய் தாராளமா போடட்டும். மன்னிப்புக் கேக்க எனக்கு வராது, எனக்குப் பதிலா வெண்ணெய் கேக்கட்டும்.

— சொல்றேன். உங்க அண்ணனுக்குப் பாக்க மட்டுமா, திருத்தவுமா?

— பாத்துட்டுச் சும்மா இருன்னா அந்த ஆளு செத்துடுவாரு. திருத்தவும் கொடு.

— அனுப்பியாச்சு.

— எதிர்க்கடையைப் பாரு. என்னால பாக்க முடியாது.

— ஃபோனை எடுத்தாரு. கண்ணாடி போட்டுக்கறாரு. படிக்கறாரு. இன்னும் படிக்கறாரு. ஏதோ அழுத்தறாரு. ஃபோனை வெச்சுட்டு முதுகைக் காட்டித் திரும்பிட்டாரு.

— நினைச்சேன். ரத்து பண்ணிடு, ஹேத்வி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.

— இருங்க காகா, உங்க ஃபோன்ல ஏதோ வந்திருக்கு. கொடுங்க. அவர் கடை ஃபோல்டரை உங்களுக்குத் திறந்து விட்டிருக்காரு.

— டிசைனா?

— டிசைன், ரேட், எல்லாம்.

— பாக்க மட்டும்தானே?

— இல்ல காகா. திருத்தவும்.