படம் இல்லாத புகார்

உங்கள் காவல் நிலையத்து வாசல் பலகை எனக்குப் பிடிக்கவில்லை, கதம் சாகேப். 'தயவுசெய்து அமைதி காக்கவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். புனேயில் தயவுசெய்து என்றால் எவன் மதிக்கிறான்? எங்கள் சதாசிவ் பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், 'மணியை ஒருமுறை அடித்தால் போதும். எங்களுக்கு வயதாகிவிட்டது, காது போகவில்லை' என்று இருக்கிறது. எழுதிக் கொடுத்தவன் நான்தான். பேட்டையில் பாதிப் பலகைகள் என் கைங்கரியம். இதைத் தவிர எனக்கு வேறு திறமை கிடையாது என்பாள் என் மனைவி. அவள் சொன்னதில் சரியானது அது ஒன்றுதான்.

அபிஜித்தின் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் நான் சேர்ந்தபோது அலுவலகம் சந்தைக்கடையாக இருந்தது. முதலாளி அபிஜித், மெக்கானிக் தானாஜி, என்னையும் சேர்த்து மொத்தமே மூன்று பேர். வாடிக்கையாளர்கள் அபிஜித்தின் மாமியார் போனுக்குக்கூடப் புகார் அனுப்புவார்கள். கணபதி படத்துக்கும் பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே அறுந்த கேபிளின் படம் கிடக்கும். நான் ஒழுங்குபடுத்தினேன். அலுவலகத்துக்கு ஒரே எண். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இணையத்தில் ஒரு ஃபோல்டர், புகாரைப் படத்தோடு அதில் போட வேண்டும். வாடிக்கையாளர் குழுவில் அறிவிப்பும் போட்டேன்: 'படம் இல்லாத புகார் வெறும் வம்பு. மதியம் ஒன்று முதல் நான்கு வரை நாங்கள் தூங்குவோம், பதில் வராது. நீங்களும் தூங்குங்கள், லிஃப்டும் தூங்கட்டும்.'

சிரித்தார்கள், ஆனால் படிந்தார்கள். குசும் பர்வே டீச்சர் மட்டும் படியவில்லை. பக்கத்துச் சந்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தவர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எல்லார் முன்னாலும் குழுவில் குரல்பதிவு போட்டார்.

"ஏன் லிமயே, நீங்க தூங்குற நேரத்துல லிஃப்ட்டுக்கு உடம்புக்கு வந்தா அது உங்க கனவுல வந்து சொல்லணுமா?"

குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். அபிஜித்தும் ஒன்று போட்டிருந்தான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சிரிப்புப் பொம்மைக்காக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அலுவலக எண்ணுக்கு டீச்சரின் குரல்பதிவு வந்தது.

"லிமயே, லிஃப்ட் கீழயே நிக்குது. ஆனா எங்க மாடிக் கதவு இழுத்தா தொறந்துக்குது. உள்ள வெறும் குழி. குழந்தைங்க ஓடுற எடம். தானாஜிய உடனே அனுப்புங்க."

தானாஜி என் எதிரில்தான் மிசள் தின்றுகொண்டிருந்தான். ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் நடந்தே போய்விடலாம்.

"யாரு சார்?" என்றான்.

"வம்பு. நீ சாப்பிடு."

டீச்சரிடம் படம் கேட்டேன்.

"இல்லாத லிஃப்ட்ட எப்படிய்யா படம் எடுக்குறது?"

'அப்படியானால் புகாரும் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். மனசு குளிர்ந்தது. நல்ல வரி, யாருக்கும் காட்ட முடியவில்லையே என்றுதான் வருத்தம்.

சற்று நேரத்தில் ஃபோல்டரில் படம் வந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, கட்டடத்தின் பெயர், மாடி எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். முதல்முறையாக என் விதிக்குப் படிந்திருந்தார். படத்தில் கதவின் விளிம்பு, அதற்கப்பால் கும்மிருட்டு. எனக்குப் புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். லிஃப்ட் குழி அப்படித்தான் இருக்கும். ஆனால் இன்னும் ஒரு தடவை அவரைப் படியவைக்க ஆசையாக இருந்தது. 'தெளிவில்லை. கொஞ்சம் முன்னால் போய் எடுக்கவும்' என்று எழுதினேன்.

எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறவர், "சரி" என்று மட்டும் பதில் அனுப்பினார்.

அவர் விழுந்தபோது கூடவே விழுந்த போன் சுக்குநூறாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இருந்த குரல்பதிவு, படம் எல்லாவற்றையும் அன்று மாலையே துடைத்துவிட்டேன். 'தானாஜியிடம் புகாரைச் சொன்னேன், அவன்தான் போகவில்லை' என்று உங்களிடம் வந்து சொன்னதும் நான்தான். அவன் இல்லையென்றான், நீங்கள் உள்ளே வைத்தீர்கள். எனக்கு வார்த்தை வரும், அவனுக்கு ஸ்பானர்தான் வரும்.

நேற்று அவன் மனைவி எங்கள் அலுவலகப் படியில் உட்கார்ந்து அழுதாள். 'படி ஏறுவதற்கு, அமர்வதற்கு அல்ல' என்ற என் பலகைக்கு நேர் கீழே.

"சார், அவரு மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுன்னா எல்லாரும் கேப்பாங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. இன்று காலை செய்தித்தாளில், புகார்களைக் கவனிக்க அந்த அலுவலகத்தில் எந்த ஒழுங்கும் இல்லை என்று போட்டிருக்கிறார்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தானாஜியை விட்டுவிடுங்கள். டீச்சரைக் குழிக்கு அனுப்பியது நான்தான். ஒன்று முதல் நான்கு வரை யாருக்கும் பதில் சொல்லக் கூடாது என்பது நானே போட்ட விதி. அதை மீறியது ஒன்றுதான் என் குற்றம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.