கும்பிட்டுக் கேட்ட பிறகும் எடுத்த வீடியோ

அந்தமானில் ரங்கத் என்ற ஊரிலிருந்து போர்ட் பிளேர் போகும் பஸ், ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்கு முன்னால், வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்காக நின்றது. போலீஸ்காரர் ஏறி, "மொபைல் அந்தர் ரக்கோ, போட்டோ மத் லேனா" என்றார்; போனை உள்ளே வைக்க வேண்டும், காட்டில் யாரையும் படம் எடுக்கக் கூடாது.

எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் போனைப் பைக்குள் வைத்தார்.

"கோயில் திருவிழா மேடையிலயும் இப்படி ஒரு ஆள் நின்னிருக்கணும் மச்சான்."

"நிக்க எங்கடா இடம்? முன்வரிசையில கமிட்டிக்காரங்களே விசிலடிச்சிட்டிருந்தாங்க."

"ரெக்கார்ட் டான்ஸ் ஆடின பொண்ணு கும்பிட்டு, வீடியோ மட்டும் வேணாம்ணேன்னு சொல்லிச்சு. நான் எடுத்து குரூப்புல போட்டேன்."

"ஊரே எடுத்துச்சு."

"என்னோடதுதான் மெயின்லேண்ட்ல அது வீடு வரைக்கும் போயிடுச்சு. வீட்டுல துணிக்கடை வேலைன்னு சொல்லியிருந்துச்சாம். இப்ப அது போன் பண்ணினா அம்மா எடுக்கிறதில்லையாம்."

"அழிச்சிட்டியா?"

"என் போன்ல அழிச்சிட்டேன்."

"மன்னிப்பாவது கேட்டியா?"

"நேத்து ஜெட்டியில அந்தப் பொண்ணு கப்பலுக்கு நின்னுச்சு. கேக்கத்தான் கிட்டப் போனேன். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவால முகத்தை மூடிக்கிச்சு."

கான்வாய் கிளம்பியது. காடு முடியும் வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.