வாழைக்கறை படிந்த போல்ட்

காபி நன்றாக இருக்கிறது, சார். நம் மலைக் காபிதானே, சிக்கரி கலக்காமல் போட்டிருக்கிறார்கள். மேசை மேல் நீங்கள் வைத்திருக்கும் அந்தப் போல்ட் என்னுடையதுதான். முதலில் பார்த்ததே இல்லை என்று சொன்னது பதற்றத்தில் வந்த பேச்சு. நடந்ததை வரிசையாகக் கேட்டால் நீங்களே என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

என் பெயர் மாதேஸ்வரன். குண்டூர் நாட்டுக்காரன். செம்மேடு போகிற ரோட்டில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். வளைவுகளில் ஏறி மூச்சு வாங்குகிற வண்டிகள் என் வாசலில்தான் நிற்கும். ரமேஷ்குமார் அண்ணன் வண்டியும் அப்படி வந்து நின்றதுதான். நாமக்கல்லில் கோழித்தீவனம் விற்கிறவருக்கு ஆயிரம் சிசி வண்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. இஞ்சினை மூடியிருக்கும் ஓட்டின் அடிமூலையில் ஒரு போல்ட் கழன்று விழுந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது.

பெரிய வண்டிப் போல்ட் கடையில் அள்ளிப் போட்டு வாங்குகிற சாமான் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நீளம், திருகுமரையும் வேறு. சேலம் வரை கேட்டுப் பார்த்தேன், வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். வண்டியை என்னிடம் விட்டுவிட்டு அவர் பஸ் ஏறி மலை இறங்கினார். நான் பழைய லாரிப் போல்ட்டை மலைக்குக் கீழே ஒரு லேத்தில் கடைந்து, மரை வெட்டி, தலையை அரத்தால் ராவினேன். முதலில் செய்தது குட்டையாகிவிட்டது. தூக்கிப்போட மனம் வரவில்லை. அடுத்தது கச்சிதமாக உட்கார்ந்தது.

வேலை முடிந்ததை அவரிடம் சொல்ல ஏனோ தோன்றவில்லை. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். அந்தச் சத்தம் வயிற்றில் வந்து உட்காரும், சார். என் பெண்டாட்டி பாவாயி ஒரு நாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க, ஊட்டுல பொண்டாட்டி ஒருத்தி இருக்கறது நெனப்பிருக்குதுங்களா?”

“சத்தத்தக் கேளு புள்ள.”

“நானும் சத்தம் போட்டுத்தானுங்க பாக்கறேன்.”

அப்புறம் அவர் வந்து வண்டியை எடுத்துப் போனார். பட்டறை காலியாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. அடுத்த முறை எண்ணெய் மாற்ற வந்தபோது அந்தக் குட்டைப் போல்ட்டை மாட்டி அனுப்பினேன். பிடிக்கும், ஆனால் இறுக்கிப் பிடிக்காது. கொஞ்ச நாளில் சொட்டும், சொட்டினால் வருவார். வந்ததும் சரியான போல்ட்டைப் போடுவேன், ஆசை தீரச் சத்தத்தைக் கேட்பேன், போகும்போது குட்டையை மாட்டுவேன். அவர் சாமான் எதையும் நான் எடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. அவர்தான் கெடுத்தார்.

“மாதேசு, எத்தன தடவடா இது ஒழுகும்? வித்துப்போடலாம்னு இருக்கறேன். கோயமுத்தூர்ல ஒருத்தரு கேக்கறாரு.”

“நல்ல வண்டிங்கண்ணா. அவசரப்படாதீங்க.”

“நீ சொல்லுவ. மேல உக்காந்து போறவன் நானு.”

எனக்கு ஆத்திரமெல்லாம் வரவில்லை. துக்கம்தான் வந்தது. டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, குட்டைப் போல்ட்டில் இரண்டு மரையை மட்டும் விட்டு மீதியை ராவி எடுத்தேன். இஞ்சின் சூடேறி நாலைந்து வளைவு இறங்குவதற்குள் கழன்றுவிடும். வண்டி மலையை விட்டுப் போகாது.

நான் மாட்டிக்கொண்டது பழக்கத்தால். மற்றவர்கள் கழற்றின போல்ட்டுகளை அட்டையில் குத்தி வைப்பார்கள். நான் வாழைமரத்தில் ஒரு துண்டு வெட்டி, இஞ்சின் மாதிரியே வரிசையாகக் குத்துவேன், இடம் மாறாது. கம்பெனிப் போல்ட்டுகளில் பூச்சு இருக்கிறது, கறை ஏறாது. என்னுடையது வெறும் லாரி இரும்பு. ராவி முடித்ததும் கை தானாக அதையும் கொண்டுபோய் அதன் இடத்தில் குத்திவிட்டது. அவர் டீ குடித்து வருவதற்குள் கறுத்துவிட்டது. இந்த மலையில் வாழைக்கறையோடு போல்ட் மாட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

எண்ணெய் பின் சக்கரத்தில் படும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும், சார். தெரியாமல் மெக்கானிக்காக இருக்க முடியுமா? அதனால்தான் சட்டைப் பையில் சரியான போல்ட்டையும், கையில் எண்ணெய் டப்பாவையும் வைத்துக்கொண்டு மொபெட்டில் பின்னாலேயே இறங்கினேன். அந்த அளவுக்கு அக்கறை இருந்தது.

வளைவில் வண்டி படுத்திருந்தது. அண்ணன் ரோட்டோரத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், மரவள்ளிக் காட்டுக்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்தார். கத்துகிற ஆளுக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டேன். வண்டியை நிமிர்த்தினேன். போல்ட்டைப் போட்டேன், எண்ணெய் ஊற்றினேன், டேங்கைத் துடைத்தேன். ஸ்டார்ட் செய்ததும் ஒரு பிசிறு இல்லாமல் எழும்பியது. கீழே கத்தல் நின்றது. “மாதேசு, நீயா?” என்று கேட்டார். அவருக்கும் சத்தம் தெரிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. இஞ்சின் சூடாறும் வரை இருந்துவிட்டுத்தான் அவரிடம் இறங்கிப் போனேன். கழன்று விழுந்த போல்ட்டைத் தேடாமல் விட்டதுதான் தப்பு.

அவருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்கிறீர்கள். மாவுக்கட்டு போட்டால் கூடிவிடும், சார். இஞ்சின் ஓடு விரிசல் விட்டால் கூடாது. நல்லவேளை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வண்டிமேல் ஆசைப்பட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அப்படி எதுவும் கிடையாது. வெளியே புங்கமரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள், காக்காய் எச்சம் போடும், ஒரு சாக்காவது போர்த்தச் சொல்லுங்கள். காலையில் ஒரு தரம் அதை ஓடவிட வேண்டும். விலங்கைக் கழற்ற வேண்டாம், சாவி திருக ஒரு கை போதும்.