சட்டைக்குள் ஒரு பெல்ட்

சாப்பிடும்போது டிவி போடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் நான் வைத்த சட்டம். விளம்பரம் எடுப்பவன் நான். விளம்பரம் வந்ததும் ஆட்கள் கை கழுவ எழுந்து போவதைப் பார்த்தால் சோறு இறங்காது.

சீட் பெல்ட் போடச் சொல்லி ஐந்து விளம்பரங்கள் எடுத்தேன். சிவப்புச் சாயம், உடைந்த கண்ணாடி, அழும் மனைவி. ஐந்தாவதைப் போட்டுக் காட்டியபோது முன்வரிசையில் ஓர் அம்மாள் கொட்டாவி விட்டார். போக்குவரத்து அதிகாரி என்னைத் தனியே அழைத்து, பார்க்கிறவன் வயிற்றைக் கலக்க வேண்டும் என்றார். அவர்மேல் நான் பழி போடவில்லை. நியாயமான பேச்சு.

ஆறாவதில் கார் ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. சண்டைக் காட்சிகளில் விழுந்து எழுந்தே பிழைத்தவன்; இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. பெல்ட் போடாதவனாகத் தெரிய வேண்டுமே, அதனால் சட்டைக்குள் ஒரு பெல்ட்டைக் கட்டி, முதுகுப்பக்கம் இருக்கையோடு கொக்கியில் மாட்டுவோம். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டான்.

"நீங்க மாட்டுனாத்தான் எனக்கு நிம்மதி, மாமா."

இரண்டு கார்களைச் சுவரில் மோதினான். இரண்டு முறையும் பிழைத்துக்கொள்வோம் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மூன்றாவது காரில், கொக்கி மாட்டும் சத்தத்தை மட்டும் எழுப்பிவிட்டு, முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

சுவர் நெருங்கியதும் பிரேக்கை மிதித்தான். உடம்பு முன்னால் சரிந்தது. பிடிக்க எதுவுமில்லை என்று புரிந்த அந்த நொடியில் கேமராவைப் பார்த்து வாயசைத்தான். பிறகு தலை கண்ணாடியைப் பிளந்துகொண்டு போனது. பற்கள் கேமராமேல் தெறித்தன. கழுத்து முறிந்தது மைக்கில் தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் பொறுத்துத்தான் 'கட்' சொன்னேன்.

கொக்கி நழுவிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். அவன் சாவு நாலு பேரையாவது காப்பாற்றட்டும் என்று சொல்லி, அவன் மனைவியிடம் கையெழுத்து வாங்கினேன். விளம்பரம் ஓடியது. நான்காம் நாள், ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள்.

"சாகறப்ப அவன் ஏங்க மாமான்னு கூப்பிடறான்?"

அவள்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் மாட்டாமல் விட்டேன். ஆனால் அன்றைக்கே விளம்பரத்தையும் நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் தூங்கவில்லையாம், எல்லை மீறிவிட்டதாம், பார்த்தவர்கள் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார்கள். முப்பது நாள் ஓட வேண்டியது. என் மச்சினன் உயிரை வீணாக்கியவர்கள் அவர்கள். கொலை என்றுதான் எழுதுவீர்களென்றால், அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.